பற்கோலும் வெற்றிலையும்
காரைக்கால் கரையில் வாய்நலத்தின் வரலாறு

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் தொடங்கும்போதே ஒரு பெண்பேய் நம் கண்முன் வந்து நிற்கிறது. மார்பு வற்றி, நரம்பு புடைத்து, கண்கள் குழிந்து, வயிறு ஒட்டிப்போன உருவம் அது. உடம்பில் வளமாக இருந்தவை யாவும் வற்றிய பின்னும் அதன் பற்கள் மட்டும் வெண்மை மாறாமல் உள்ளன. இரண்டு பற்கள் நீண்டு வெளியே தெரிகின்றன. ஈமக்காட்டை உற்று நோக்கியவரே எழுதக்கூடிய விவரம் இது. தோலும் தசையும் அழிந்துபோகும் இடத்தில் நெடுங்காலம் எஞ்சிக் கிடப்பது பல்லே ஆகும். மனித உடம்பில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்போர்வையாகிய பற்சிப்பி. நிலத்தில் புதைந்து ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் தாங்கும் அப்பொருள், உயிரோடிருப்பவன் வாயில் நாள்தோறும் சுரக்கும் சிறிதளவு புளிப்பைத் தாங்க மாட்டாமல் குழிவிழுந்து போகிறது. இறந்தார் வாயில் நிலைத்து இருந்தார் வாயில் அழிவது என்னும் இம்முரண்பாடு, பல்லின் கேடு உயிர்வாழ்க்கையின் கேடு என்பதை உணர்த்தும்.

அம்மையார் பிறந்த காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். சுற்றிலும் தமிழ்நாட்டு நிலம், கிழக்கே கடல். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்துண்டு நிலத்தின் வடக்கே தரங்கம்பாடியும் பூம்புகாரும், தெற்கே நாகூரும் நாகப்பட்டினமும் அமைந்துள்ளன. சமணம், பௌத்தம், சைவம், இசுலாம், கிறித்தவம் ஆகிய யாவும் கால்பதித்த கரை. பூம்புகார் வணிகரும், சீனத் துறவியரும், தேனியரும், பிரெஞ்சுக்காரரும் வந்து போன கரை. இக்கரையினர் தம் வாயை எவ்வாறு பேணினர், எதனால் கெடுத்துக்கொண்டனர் என்பதற்குப் பலவகைச் சான்றுகள் உண்டு. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். வாயைத் தூய்மையாக வைக்கத் தமிழரைத் தூண்டியது நோயச்சம் அன்று, ஒழுக்கம். அதே ஒழுக்கம் விருந்துமுறை என்று கை நீட்டிக் கொடுத்த ஒன்றே பிற்காலத்தில் அந்த வாய்க்குப் பெருங்கேடாயிற்று.

சங்கப் புலவர் பல்லைப் பாடியதற்குக் கணக்கில்லை. முல்லை அரும்பும் முத்தும் அவர்களுக்குக் கைவந்த உவமைகள். வள்ளுவர் ஒரு படி மேலே சென்று பல்லினூடே ஊறும் நீரையே பாடினார். காதலியின் தூய பல்லில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்தது போன்றது என்றார். காமத்துப்பால் கூற்றாக மட்டுமே இதைப் படித்துக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் வாயூறும் நீர் பல்லின் முதல் மருத்துவன் என்பது இன்றைய உடலியலின் முடிவு. அது புளிப்பை முறிக்கிறது. தன்னுள் கரைந்துள்ள சுண்ணச் சத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு தேய்ந்த பற்சிப்பியைச் சிறுகச் சிறுகச் சீர்செய்கிறது. நோயாலோ மருந்தாலோ அந்நீர் வற்றியவர்க்குப் பற்கள் விரைந்து சொத்தையாவதை மருத்துவர்கள் நாளும் காண்கின்றனர்.

பல் துலக்குதலை முறையாக விதித்த தமிழ்நூல் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய அதனை இயற்றியவர் பெருவாயின் முள்ளியார். பெருவாயில் என்பது ஊர்ப்பெயரே எனினும், வாயொழுக்கத்தை இவ்வளவு விரிவாகக் கூறியவர்க்கு அப்பெயர் வாய்த்தது பொருத்தமே. காலையில் பற்கோல் மென்று, கண் கழுவி, தெய்வத்தைத் தொழ வேண்டும் என்பது அவர் விதி. பல் துலக்குதலைக் குச்சியைத் தின்னுதல் என்ற பொருள்படவே அவர் குறிப்பிடுகிறார். மரக்குச்சியின் நுனியை மென்று தூரிகைபோலாக்கித் தேய்க்கும் பழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அச்சொல்லாட்சியே சான்று. உண்டபின் எச்சில் அறவே நீங்குமாறு வாயைக் கொப்பளித்துத் துடைக்கும் முறையையும் அந்நூல் கூறுகிறது. இவ்விரு விதிகளிலும் நோய் என்ற பேச்சே இல்லை. முதல் விதி வழிபாட்டோடும் அடுத்தது எச்சில் என்னும் தீட்டோடும் இணைந்து நிற்கின்றன. கடவுளை வாழ்த்தவும் பெரியோரோடு பேசவும் போகும் வாய் தூயதாக இருக்க வேண்டும் என்பதே கருத்து.

சீனத் துறவி இத்சிங் கி.பி. 671இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு இந்தியா வந்து, நாளந்தாவில் பல ஆண்டு தங்கியவர். அவர் தமிழகத்திற்கு வரவில்லை. ஆயினும் அவர் குறித்து வைத்த பிற சீனத் துறவியருள் நாகப்பட்டினம் வந்து அங்கிருந்து ஈழம் சென்றவர் உண்டு. இந்தியப் பௌத்தரின் அன்றாட ஒழுக்கத்தை எழுதிய தம் நூலில் பற்கோலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார் இத்சிங். கோலின் நீளம் பன்னிரு விரற்கடை, குறைந்தது எட்டு. பருமன் சுண்டுவிரல் அளவு. ஒரு நுனியை நன்கு மென்று தேய்த்தபின் அதனையே பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும் என்றெல்லாம் அளந்து எழுதுகிறார். தென்னை ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழிக்கும் காவிரிப்படுகைக்காரர் எவர்க்கும் இவ்வரிகள் வேற்றுநாட்டுச் செய்தியாகத் தோன்றா. இந்நாட்டில் பல்வலி அரிதாக இருப்பதற்குப் பற்கோலே காரணம் என்றும் அவர் எழுதினார். துறவியின் வாயொழுக்கத்தில் நோய்த்தடுப்பு உண்டு என்பதை வெளியிலிருந்து வந்தவர் கண்டு சொன்னது இது.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. இங்கே வேல் என்றது கருவேல மரத்தை. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் ஆலும் வேம்பும் பூவரசும் நாயுருவியும் கிடைக்கும் படுகை நாட்டில் பற்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆலிலும் கருவேலிலும் துவர்ப்பு மிகுதி. துவர்ப்பு ஈற்றை இறுக்கும், கிருமிகளின் பெருக்கத்தை ஓரளவு தடுக்கும். மென்று தேய்க்கையில் வாய்நீர் பெருகுவதும், நார் பல்லிடுக்கில் படிந்ததைத் துடைப்பதும் மருந்தைக் காட்டிலும் பெரிய பயன்கள். அப்பழமொழியின் மறுபாதி நாலடியாரையும் குறளையும் சொல்லுக்கு உறுதி என்று சேர்த்துச் சொல்வது. பல்லையும் சொல்லையும் ஒரே மூச்சில் வைத்துப் பேசிய இதனைக் கவிஞர்கள் வெறும் எதுகை என்று தள்ளிவிடுவதற்கில்லை. பல் போனால் சொல் போச்சு என்று இன்னொரு பழமொழி சுருக்கமாகவே சொல்லிவிட்டது.

மரபில் வந்தவை எல்லாம் நல்லவை என்று கொள்வதும் பிழை. நெல் விளையும் நாட்டில் உமிக்கரி இலவசமாகக் கிடைத்தது. அதனோடு சாம்பலும் செங்கற்பொடியும் சேர்ந்தன. உமியில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. அது பல்லை வெண்மையாக்கும், பல்லையே அரித்தும் விடும். விரலால் அழுத்திக் குறுக்கே தேய்த்த தலைமுறையினரின் பற்கள் ஈற்றோரம் ஆப்பு வெட்டியதுபோல் தேய்ந்திருப்பதை முதியோர் பலரிடம் காணலாம். பின்னர்க் கோபால் பற்பொடியும் நஞ்சன்கூடு பற்பொடியும் தாள்பொட்டலமாய் வந்தபோது உமிக்கரி மெல்ல விடைபெற்றது.

சொத்தைப் பல்லுக்குத் தமிழில் வழங்கும் மற்றொரு பெயர் பூச்சிப்பல். பல்லைப் புழு துளைக்கிறது என்னும் நம்பிக்கை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியரின் களிமண் பலகையிலேயே பல்வலிப் புழுவை ஓட்டும் மந்திரம் உள்ளது. இங்கே கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடித்தனர். ஐரோப்பியர் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நச்சுச் செடியின் விதையைப் புகைத்தனர். வெப்பத்தில் விதையிலிருந்து வெடித்து வெளிவரும் வெண்முளையைப் புழு என்று காட்டி ஏமாற்றியோரும் அங்கு உண்டு. புழுவே இல்லை என்று துணிந்து எழுதியவர் பாரிசு நகரத்துப் பியேர் ஃபோஷார். 1728இல் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்ட பல் அறுவை மருத்துவ நூலே ஐரோப்பாவில் இத்துறையைத் தனிக்கலையாக நிறுத்தியது. நுண்ணோக்கி வைத்துப் பார்த்தும் பல்லில் புழுவைக் காணவில்லை என்றார் அவர். சர்க்கரை பல்லைக் கெடுக்கும் என்றும் எச்சரித்தார். சிறுநீர் கொண்டு வாய் கொப்பளிக்கச் சொன்னவரும் அவரே. முன்னோடிகளின் நூலில் இத்தகைய இடங்களைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது.

அந்நூல் வெளிவந்து பதினோராண்டு கழித்து, 1739இல், தஞ்சை மராத்திய அரசின் கையிலிருந்த காரைக்கால் பிரெஞ்சுக் கம்பெனியின் வசம் வந்தது. ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றியும் திருப்பித் தந்தும், இறுதியில் 1817 முதல் இடையறவின்றி அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1954 நவம்பர் முதல் நாளில் இந்தியாவோடு நடைமுறையிலும், 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இணைந்தது. ஃபோஷார் இளமையில் பிரெஞ்சுக் கப்பற்படையில் அறுவை மருத்துவம் பயின்றவர். கப்பலோட்டிகளின் வீங்கி அழுகிய ஈறுகளைக் கண்டே வாய்நோயில் நாட்டம் கொண்டவர். அதே வாய்களைத்தான் சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்கள் சுமந்து வந்தன.

1782 சூலை 6ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூசும் பொருதினர். போர் ஓய்ந்ததும் பிரெஞ்சுக் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே நங்கூரமிட்டன. மறு ஆண்டு சூனில் கடலூருக்கு எதிரே இருவரும் மீண்டும் மோதினர். அப்போரின் முடிவில் ஹியூசு சென்னைக்குத் திரும்ப நேர்ந்ததற்குப் பகைவரின் பீரங்கி மட்டும் காரணமன்று. குடிநீர்த் தட்டுப்பாடும் ஸ்கர்வி நோயும் அவர் படையைத் தின்றுகொண்டிருந்தன. ஸ்கர்வி வாயில் தன்னைத் தெளிவாக அறிவிக்கும். ஈறு கருஞ்சிவப்பாய் வீங்கும், தொட்டால் குருதி கசியும், வாய் நாறும், பல் ஆடி விழும். ஆனால் நோய் வாயில் பிறந்ததன்று. காயும் கனியும் இல்லாத நெடும்பயணத்தில் உயிர்ச்சத்து சி அற்றுப்போக, உடம்பெங்கும் தசைநார்களைப் பிணைத்து நிற்கும் பொருள் உருவாகாமல் போவதே அதன் மூலம். ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747இலேயே பன்னிரு மாலுமிகளைக் கொண்டு சோதித்து ஆரஞ்சும் எலுமிச்சையும் இதைத் தீர்க்கும் என்று கண்டிருந்தார். ஆங்கிலக் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795இல். எலுமிச்சையும் நெல்லியும் கேட்பாரற்று விளைந்த ஒரு கரைக்கு எதிரே, அவை இல்லாமல் மாலுமிகள் பல்லுதிர்த்து மாண்டனர் என்பது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. உடம்பின் குறை வாயில் தெரியும் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்த நோயும் கற்பித்ததில்லை.

கப்பல்கள் கொண்டுவந்ததைப் போலவே கொண்டுபோனதும் உண்டு. 1850கள் முதல் 1880கள் வரை காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். 1861இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆங்கில ஆட்சிப் பகுதித் தமிழரையும் இத்துறைகள் வழியே ஏற்றிச்செல்ல வழிவகுத்தது. அவர்கள் சென்றது கரும்புத் தோட்டங்களுக்கு. அத்தகைய தோட்டங்களில் பிழிந்த சர்க்கரை மலிந்து, ஏழைகளின் மேசையையும் எட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியர் பற்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் சொத்தையாயின. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர் 1890இல் வெளியிட்ட நூலில் காரணத்தை விளக்கினார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாப்பொருளையும் உண்டு புளிப்பை உமிழ்கின்றன. அப்புளிப்பு பற்சிப்பியின் சுண்ணத்தைக் கரைக்கிறது. பூச்சிப்பல் என்ற பழம்பெயர் ஒருவகையில் உண்மையாயிற்று. பூச்சி மட்டும் கண்ணுக்குத் தெரியாததாக இருந்தது.

மில்லருக்குப் பின் வாயை உடம்பு முழுவதற்கும் நோய் பரப்பும் ஊற்றாகக் காணும் நோக்கு வலுத்தது. 1910இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆற்றிய உரை அதற்குத் தூண்டுகோல். மூட்டுவலியா, இரத்தச்சோகையா, மனநோயா, எதுவாயினும் பல்லைப் பிடுங்கு என்ற அளவுக்கு மேனாட்டில் சிலர் போயினர். அமெரிக்காவில் மனநோய் விடுதியொன்றில் நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கிய அவலமும் நிகழ்ந்தது. நல்ல பற்கள் எண்ணற்றவை வீணாய்ப் பறிபோன பின்னரே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அக்கொள்கை தளர்ந்தது. அரை உண்மையைப் பற்றிக்கொண்டு முழுவேகத்தில் ஓடியதன் விளைவு அது.

நிதானமான ஆய்வு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. நார்வே நாட்டவரான ஹரால்டு லோ, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்று வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆறியது. ஈற்றோரம் படியும் மாசே ஈறுநோய்க்கு முதல் என்பது அத்துடன் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

அடுத்து அவர் எழுப்பிய வினா, வாழ்நாள் முழுதும் துலக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது. அதற்கு விடை தேடி அவர் குழு வந்து சேர்ந்தது இலங்கையின் மலைநாட்டுக்கு. காரைக்காலிலிருந்து சிலர் கரும்புக்குப் போன அதே நூற்றாண்டில், தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கடலிடுக்கைக் கடந்து மலையேறிக் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் கூலிகளாயினர். அவர்கள் வழிவந்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரை 1970இல் லோவின் குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அனைவரும் ஆண்கள்; அகவை பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை. தூரிகையோ பற்பசையோ பல் மருத்துவமோ அறியாதவர்கள். ஒப்பீட்டுக்கு ஓஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளரும். 1985 வரை இடையிடையே சென்று அளந்தனர். தேயிலைத் தொழிலாளருள் நூற்றுக்கு எட்டுப் பேர்க்கு ஈறுநோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்தில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. எண்பத்தொரு விழுக்காட்டினர்க்கு நோய் மெல்ல முன்னேறி, அதே வயதில் சராசரியாக ஏழு பற்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய பதினொரு விழுக்காட்டினர்க்கு ஈற்றழற்சிக்கு மேல் ஒன்றும் நேரவில்லை. இவர்களிடையே சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை என்பது இன்னொரு வியப்பு.

உலகெங்கும் ஈறு மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் இது. மாசு யாவர் வாயிலும் படிந்தாலும் யாவரையும் ஒருபோல் தாக்குவதில்லை, தாங்கும் உடம்பைப் பொறுத்தே கேடு அமையும் என்னும் அறிவு இம்மலையகத் தமிழரின் வாய்களிலிருந்து பிறந்தது. அவர்தம் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. பதினைந்தாண்டு பல் விழுவதை அளந்து எழுதிய அறிவியலுக்கும், விழுந்த பல்லோடு கொழுந்து பறிக்கும் மலைக்குத் திரும்பிய மனிதர்க்கும் இடையிலான கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2010இல் மறுபடி சென்று தேடியபோது அந்த 480 பேரில் 75 பேரையே ஆராய முடிந்தது.

வாய்க்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பில் இன்று ஐயமற நிற்பவை சில உண்டு. அவற்றுள் தலையாயது நீரிழிவு. சர்க்கரை நோயாளிக்கு ஈறுநோய் எளிதில் பற்றுகிறது; ஈறுநோய் முற்றியவர்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் போகிறது. 1993இல் லோ ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று அழைத்தார். ஈற்றை முறையாகச் சுத்தம் செய்து மருத்துவம் பார்த்தபின், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. சோற்றை முதன்மையாகக் கொண்டு வாழும் காவிரிப்படுகையில் வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி என்று பேசப்படும் காலத்தில் இது சிறிய செய்தியன்று. முதியோர் வாயில் பெருகும் கிருமிகள் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சி தருவதையும், முதியோர் இல்லங்களில் வாயைத் துலக்கிவிட்டதால் அந்நோய் குறைந்ததையும் ஜப்பானியர் 1999இல் மெய்ப்பித்தனர். பழுதுற்ற இதயத் தடுக்கிதழ் உடையவர்க்கு வாய்க்கிருமி குருதி வழிச் சென்று தங்குவதும் நெடுங்காலமாக அறிந்ததே. மாரடைப்பைப் பொறுத்தவரை, ஈறுநோயும் அதுவும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதே இன்றைய நிலை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உறுதிப்படவில்லை. ஹண்டர் காலத்துப் பாடத்தை மறவாமல் இந்த வரம்போடு பேசுவதே முறை.

இனி வெற்றிலைக்கு வரலாம். மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகி தன் கையால் கோவலனுக்குச் சோறு படைத்து, உண்டு முடித்தபின் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அவ்வளவில் அவன் சிலம்போடு புறப்படுகிறான், திரும்பவில்லை. காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள பூம்புகாரிலிருந்து போன இணையரின் கடைசி இல்லறச் செயல் தாம்பூலம் தருதல் என்பதை இளங்கோவடிகள் எண்ணிப் பார்த்தே அமைத்திருப்பார். திருமணம் உறுதியாவது தாம்பூலத்தால். விருந்து நிறைவுறுவது தாம்பூலத்தால். வழக்குத் தீர்வதும் தாம்பூலம் மாற்றியே. செரிமானத்துக்கு உதவுவது, வாய்நாற்றம் போக்குவது என்று மருத்துவ நூல்களும் புகழ்ந்தன. கொழுந்து வெற்றிலை விளையும் காவிரிக் கரையில் அது நாவின் பழக்கம் மட்டுமன்று, மரியாதையின் மொழி.

கண்ணகி கொடுத்த தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது, போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்தது. வேதாரண்யத்து மணற்பாங்கிலும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் செழித்தது. சில தலைமுறைக்குள் வெற்றிலைச் செல்லத்தின் ஓர் அறையில் குடியேறி, தாம்பூலத்தின் பழைய மதிப்பைத் தானும் போர்த்துக்கொண்டது. புதிதாய் வந்த பொருளாகத் தனியே வந்திருந்தால் ஆசாரம் அதை ஐயுற்றிருக்கும்; வெற்றிலையில் மடித்து வந்ததால் கேள்வி எழவில்லை. அதன்பின் புகையிலையை இரவெல்லாம் கன்னத்தில் அடக்கி உறங்குவோரும் உளர். விந்தை என்னவெனில், காலையில் பற்கோல் மென்ற அதே விரல்கள் பிற்காலத்தில் மூக்குப்பொடியைத் தொட்டுப் பல் தேய்க்கலாயின. பல்வலி மரத்துப்போவதால் அது மருந்து என்றே நம்பப்பட்டது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு தடை செய்தது 1992இல்தான்.

கேட்டைக் கண்டு உரைத்தோர் தமிழ்நிலத்திலேயே இருந்தனர். அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று குமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலிருந்து ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் இலண்டன் மருத்துவ இதழில் எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்கள் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று விளைப்பது என்று 1985இல் முடிவு கூறியது. புகையிலை இல்லாவிட்டால் தீங்கில்லை என்று ஆறுதல் கொண்டோர்க்கு 2004இல் அதே முகமை மறுமொழி தந்தது. புகையிலையற்ற தாம்பூலமும், பாக்கு மட்டுமேகூடப் புற்று விளைப்பன என்றது. பாக்கை ஓயாது மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்சதை நார்நாராய் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோயும் உண்டு. சோற்றுருண்டை நுழையும் அளவுக்குக்கூட வாய் திறவாதவர் அரசு மருத்துவமனை வாசல்களில் காத்திருப்பதைக் காணலாம். வெற்றிலை இலை மட்டும் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை என்பதை அதன் புகழ்பாடிய புலவர்கள் பொருட்டுச் சொல்லிவைக்கலாம்.

காரைக்காலுக்கு இதில் ஒரு தனிக்கவலை உண்டு. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக்கோடு, வரிவேற்றுமையால் மதுவை நெடுங்காலம் இங்கே மலிவாக்கி வைத்தது. சுற்றுப்புறத்து மாவட்டத்தினரும் வாஞ்சூர் எல்லை கடந்து வந்து குடித்துச் சென்றனர். மதுவும் புகையிலையும் தனித்தனியே வாய்ப்புற்றுக்குக் காரணமாவன. இரண்டும் ஒரே வாயில் சேர்கையில் கேடு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. சர்க்கரையை விளைவிக்க ஆட்களைக் கப்பலேற்றிய துறைக்கு எல்லைக்கோடு அளித்த மற்றொரு பரிசு இது.

வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலமாகவோ செம்படலமாகவோ, காரம் பட்டால் எரியும் சிறு புண்ணாகவோ மாதக்கணக்கில் இருக்கும். வலி வரும்போது காலம் கடந்திருக்கும். 1996இல் திருவனந்தபுரம் வட்டாரத்து ஊராட்சிகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. பட்டம் பெற்ற மருத்துவரல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். ஐயத்துக்குரியவரை மருத்துவரிடம் அனுப்பினர். மூன்று சுற்று இவ்வாறு பார்த்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்கு வேண்டியிருந்த கருவிகள் ஒரு கைவிளக்கும், நாக்கை ஒதுக்கிப் பிடிக்க ஒரு தட்டைக்குச்சியும், ஒருவர் வாய்க்கு ஓரிரு நிமிடப் பொழுதும் ஆகும்.